ஏர் வந்து திரும்பிய நாள்

போன மாதம் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து என் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பீளமேட்டில் கல்லூரிப் படிப்பு. நாங்கள் இருக்கும் துடியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். சிறு விவசாயிகளின் நெல் வெள்ளாமையில், ஆண் பார்க்கும் வயலுக்கும் பெண் பார்க்கும் வயலுக்கும் விளைச்சல் ஏன் வித்தியாசப்படுகிறது என்று ஏதோ ஆராய்ச்சியாம். வயலோடு வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் போன், அதற்குள் கேள்விகள்.

“பொம்பளைங்க பாக்கற வயல்ல வெளைச்சல் கொஞ்சம் கம்மியா வருதுங்கம்மா. ஏன்னு நெனைக்கறீங்க? அஞ்சு காரணம் குடுத்திருக்கறாங்க, ஒண்ணைச் சொன்னாப் போதும்” என்றாள்.

தண்ணீர், உரம், கூலியாள், படிப்பு, மற்றவை. நான் போனை வாங்கித் தூரத்தில் பிடித்து ஐந்தையும் இரண்டு முறை படித்தேன். மற்றவை என்று சொன்னால் விவரம் எழுத ஒரு சின்னக் கட்டம் வருமாம். “இன்னைக்கு முழங்கால் வலி நெம்ப இருக்குது கண்ணு, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமா?” என்றேன். சரிங்கம்மா என்று எழுந்து போய்விட்டாள். நல்ல பெண். மறுபடி வரவில்லை.

உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. நீங்களும் என்னைப்போல டப்பாவில் கிழமை பார்த்து மாத்திரை எடுக்கிறவர்கள். வயலில் இறங்கியிருப்பீர்கள், இல்லையென்றால் இறங்கியவர்கள் வீட்டில் பிறந்திருப்பீர்கள். நடுவில் நிறுத்தி அது எந்த வருடம் என்று கேட்க மாட்டீர்கள். கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

எனக்கு அப்போது பதினோரு வயது. பவானிக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு வயல். தாத்தா போன பிறகு இருந்த இரண்டு ஏக்கரை அப்பாவும் அவருடைய அண்ணனும் ஆளுக்கொரு ஏக்கராகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே மண், ஒரே வாய்க்கால், நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு வடக்கே பெரியப்பா வயல், தெற்கே எங்களுடையது.

அப்பா பீளமேட்டில் ஒரு பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மாதம் ஒரு முறை சனிக்கிழமை பஸ்ஸில் வருவார். வயலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது திரும்பிப் போய்விடுவார். மீதி நாளெல்லாம் வயல் அம்மாவுடையது. நாற்று விடுவது, வரப்புப் பூசுவது, தண்ணீர் பாய்ச்சுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, களையெடுப்பது, அறுப்பது, தூற்றுவது எல்லாம் அவள்தான். ஆனால் வெள்ளாமை நன்றாக வந்தால் ஊரில் அப்பா பேரைச் சொல்வார்கள். “மில்லுல இருந்தாலும் கண்ணு முச்சூடும் வயல்லதான் வெச்சிருக்கறான் பாரு” என்பார்கள். கொஞ்சம் குறைந்தால், “பொம்பளை வெள்ளாமை, அவ்வளவுதான் வரும்” என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு, அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன். அம்மாவும் நம்பினாளா என்று தெரியாது.

அம்மாவின் மம்முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அப்பாவுக்கென்று பிடி போட்டது. அம்மா குள்ளம். அந்தப் பிடியோடு மடை வெட்டினால் பிடியின் நுனி அவள் விலாவில் வந்து இடிக்கும். குளிக்கும்போது அந்த இடம் கன்றிப்போய்த் தெரியும். ஒரு நாள் அரிவாளை எடுத்து வந்து, பிடியில் ஒரு சாணுக்கு மேல் வெட்டித் தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் மடை வெட்டப் பாதி நேரம்தான் ஆனது. பெரியப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “கொழந்தைங்க வெளையாடறதாட்ட இருக்குது” என்று சிரித்தார். அடுத்த மாதம் வந்த அப்பா, நல்ல பிடியைக் கெடுத்துப்போட்டாய் என்று கடிந்துகொண்டார். அந்தக் கட்டைப் பிடியில் அம்மாவின் கைபடும் இரண்டு இடங்கள் மட்டும் கறுத்து வழுவழுவென்றிருக்கும். பக்கத்தில் போனால் இரும்பும் சேறும் கலந்த ஒரு வாடை வரும். ஊரைவிட்டு வந்தபோது அதை யாருக்குக் கொடுத்தோம் என்று நினைவில்லை.

எல்லா வேலையும் செய்கிற அம்மா ஏரின் கைப்பிடியை, மேழியை மட்டும் தொடமாட்டாள். பெண் மேழி பிடித்தால் மழை போய்விடும் என்று ஊரில் அத்தனை பேரும் நம்பினார்கள். அம்மாவும் அவர்களில் ஒருத்திதான். பாகம் பிரித்தபோது மாடும் ஏரும் பெரியப்பாவுக்கு, அதற்குப் பதிலாக எங்கள் வயலையும் அவரே உழுது தர வேண்டும் என்று பேச்சு. உழுது தந்தார். தன்னுடையதை முடித்து, தன் மச்சினர்களுடையதை முடித்து, அதற்கப்புறம் தந்தார். வேறு ஏர் பிடிக்கலாம்தான். பிடித்தால் அண்ணன் தம்பிக்குள் ஆகவில்லை என்று ஊர் பேசும், அப்பா அதற்கு ஒப்பவே மாட்டார்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தவரோடு நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. பெரியப்பா வாசலில் நிற்பார், அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பாள், நான் நடுவில்.

“ஏரு எப்ப வருமுன்னு பெரியப்பாகிட்டக் கேளு கண்ணு.”

நாலு முழ தூரத்தில் நிற்கிறவருக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் திரும்பி, “ஏரு எப்ப வருமுன்னு அம்மா கேக்கறாங்க பெரியப்பா” என்பேன்.

“ஆகட்டும், பாத்துக்கலாமுன்னு சொல்லு அம்மணி.”

நான் இந்தப் பக்கம் திரும்பி, “ஆகட்டுமுங்கறாங்கம்மா” என்பேன்.

நம் பக்கத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்குத்தான் இந்த ஆகட்டும். சம்மதத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம், மறுப்புக்கும் அதைத்தான் சொல்கிறோம். எது எந்த ஆகட்டும் என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு அந்த முகம் தெரியாது, கதவு மறைக்கும். அவளுக்கு வந்து சேர்வது என் வாயிலிருந்து வரும் சொல் மட்டும்தான். இரண்டு பெரியவர்களும் என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அந்தப் போகத்தில்தான் எங்கள் ஊருக்குப் புதிதாகக் குட்டை நெல் வந்தது. வெள்ளாமைக்கு யோசனை சொல்ல வரும் சர்க்கார் ஆள், கிராம சேவக், சைக்கிளில் வந்து இறங்கி, எங்கள் வாசலில் மணியடித்து, “ஊட்டுல ஆம்பளைங்க ஆரும் இல்லீங்களா?” என்றார். இல்லை என்று உள்ளிருந்து அம்மா சொன்னதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே வேப்பமர நிழலில் ஏழெட்டு ஆண்கள் கூடிவிட்டார்கள். அம்மா ஒரு சொம்பு மோரை என் கையில் கொடுத்து, “குடுத்துப்போட்டு அங்கியே உக்காந்து அவிய சொல்றதை முச்சூடும் கேட்டுக்கிட்டு வா” என்று அனுப்பினாள்.

நான் ஐந்தாவது வரை முதல் மார்க் வாங்கியவள், ஒரு வார்த்தை விடாமல் கொண்டுவந்தேன். குத்துக்கு இரண்டு மூன்று நாற்றுதான் வைக்க வேண்டும், ஆழமாக நடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் நாற்றின் வயது. பழைய நெல் ஆறு மாதப் பயிர், நாற்று நாற்பது நாளானாலும் தாங்கிக்கொள்ளும். இது நாலு மாதப் பயிர். இருபத்தைந்து நாளுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும். தாண்டினால் நாற்று முத்திப்போகும், பக்கத்தில் தூர் வெடிக்காது, தூர் இல்லாவிட்டால் கதிர் ஏது என்று சேவக் சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொன்னதை அம்மா அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். இருபத்தைந்து என்பதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

மிஞ்சிப்போன நோட்டீஸ் ஒன்றையும் எடுத்து வந்திருந்தேன். அட்டையில் தலைப்பாகைக்காரர் ஒருவர் நெற்கட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால், வரப்பில், தலையில் கலயம் வைத்த ஒரு பெண் வருகிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவ எங்க போறா?” என்றாள்.

“கஞ்சி கொண்டுட்டுப் போறாங்க.”

“அப்ப நாத்தை நட்டது ஆரு?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பதிலுக்கும் நிற்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எங்களிடம் ஒரே ஓர் எருமை இருந்தது.

அந்த மாதம் வந்த அப்பா புதுச் செய்தி கொண்டுவந்தார். மில் பக்கத்தில் லைன் வீடு ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. “வயலை அண்ணன்கிட்ட வாரத்துக்கு உட்டுப்போட்டு, வெளையறதுல பங்கு வாங்கிக்கலாம், எல்லாரும் அங்க வந்துருங்க. நீயும் எத்தனை நாளைக்கு இந்தச் சேத்துல கெடப்பே?” என்றார். அப்பாவின் அக்கறை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா, “எனக்கு இந்தச் சேறுதானுங்க புடிச்சிருக்குது. வயலை எங்கிட்டயே உடுங்க” என்றாள். அவள் எனக்கு என்று எதையும் கேட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அப்பா வாசலில் இறங்கி வயல் பக்கம் பார்த்துவிட்டு வந்தார்.

“சரி, இந்தப் போகம் பாரு. அண்ணன் வயல்ல வர்ற அளவுக்கு நம்ம வயல்லயும் வந்துச்சுன்னா நீயே பாத்துக்க. கொறஞ்சுதுன்னா மறுபேச்சில்லாம வந்துரோணும்.”

“ஆகட்டுங்க” என்றாள் அம்மா. அது சம்மதிக்கிற ஆகட்டும்.

எனக்கோ பீளமேடு போக வேண்டும். அப்பா ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். திருகினால் தண்ணீர் வரும் குழாயையும் மில் சங்கையும்விட, நீலப் பாவாடை போட்டு வரிசையாகப் பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைகள்தான் என் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிட்டது. ஆறாவதுக்கு நாலு மைல் நடக்க வேண்டும், பையன்கள் போனார்கள், பெண்பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். நான் வைகாசியிலிருந்து வீட்டில்தான் இருந்தேன். எருமைக்குப் புல், பாத்திரம், மூத்தவர்களுக்கு நடுவில் தூது. “அங்க வந்தா உன்னை ஆறாவது சேத்தியுட்டர்றேன் கண்ணு” என்று அப்பா அன்றைக்கு என் காதோடு சொன்னார். அம்மா ஜெயித்தால் எனக்கு ஆறாவது இல்லை. அவள் தோற்க வேண்டும் என்று நான் நினைத்தேன் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு வயலுக்கும் ஒரே நாளில் நாற்று விட்டார்கள். அம்மா என்னை அடுப்பங்கரைச் சுவரில் நாளுக்கொரு கரிக்கோடு போடச் சொன்னாள். இருபத்திரண்டாவது கோட்டில் பெரியப்பா வயல் நடவு முடிந்தது. எங்கள் வயல் இன்னும் உழாமல் கிடந்தது.

சேற்றுழவுக்கு முதல் நாளே வயலில் தண்ணீர் கட்டி மண்ணை ஊறவிட வேண்டும். பெரியப்பா சொன்ன ஆகட்டும்களை நம்பி அம்மா இரண்டு தடவை தண்ணீர் கட்டினாள். இரண்டு தடவையும் ஏர் வரவில்லை, தண்ணீர் வீணாக வடிந்தது. வாய்க்காலின் கோடியில் வயல் வைத்திருந்த கடைமடைக்காரர் வரப்பு வரைக்கும் வந்துவிட்டார். “ஏனுங்க, உழவில்லாத வயலுக்கு எதுக்குங்க தண்ணி? கீழ எங்களுக்கு நாத்து காயுதுங்க” என்று மரியாதையாகத்தான் கேட்டார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. ஏர் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் தவிர இனி மடை திறப்பதில்லை என்று என்னிடம் சொன்னாள். ஆகவே எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

இருபத்துமூன்றாவது கோடு போட்ட அன்று, பொழுது சாய்வதற்கு முன்பு பெரியப்பாவே எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா உள்ளே அடுப்போடு போராடிக்கொண்டிருந்தாள். ஈர விறகு, வீடெல்லாம் புகை, கதவுக்கு வர முடியவில்லை.

“அம்மணி, அம்மாகிட்டச் சொல்லு. நாளைக்கு வெடியால நம்மூட்டு ஏரு வருது. இப்பவே போயி மடையைத் தொறந்து தண்ணி கட்டி வெக்கச் சொல்லு. மறந்துராதே.”

அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. நிஜமாகச் சொன்ன முகம். பெரியப்பா கெட்டவரில்லை. எங்கள் வயல் அவருக்கு எப்போதும் கடைசி வேலை, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் கடைசி வேலைக்கு முறை வந்திருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார்.

“ஆரு கண்ணு?” என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

“பெரியப்பா.”

“ஏருக்கு என்ன சொன்னாங்க?”

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புகையில் அம்மாவின் முகம் தெரியவில்லை, அவளுக்கும் என் முகம் தெரிந்திருக்காது. “ஆகட்டும்னாங்க” என்றேன்.

“ம்” என்றாள். மறுபடி அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிவதற்குள் அம்மா வேறொருவர் வயலுக்குக் களையெடுக்கப் போய்விட்டாள். எங்கள் நடவுக்கு அவர்கள் ஆள் வர வேண்டுமே, அதற்கு மாற்று வேலை. நான் தொட்டியடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மாட்டு மணிச் சத்தம் வயல் பக்கமாகப் போனது. இரண்டு குண்டா துலக்கி மூன்றாவதை எடுப்பதற்குள் அதே சத்தம் திரும்பி வந்தது. பெரியப்பாவின் ஏரோட்டி மாடுகளைத் திட்டிக்கொண்டே போனார். நான் தலையைத் தூக்கவில்லை. கையெல்லாம் சாம்பல், அதையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா சத்தம் போடுகிறவரில்லை. தண்ணீர் கட்டாமல் ஏர் சும்மா திரும்பியது என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார், அது போதும். ஏரை மச்சினர்களின் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

மத்தியானம் திரும்பிய அம்மா வயல் வழியாகத்தான் வந்தாள். காய்ந்த வயலின் ஓரத்தில் மாட்டுக் குளம்புத் தடம் இருந்திருக்கும். வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நேத்து பெரியப்பா என்ன சொன்னாங்க?”

“ஆகட்டும்னாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணுஞ் சொல்லலைங்கம்மா.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பானையில் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். சாயங்காலம் மறுபடி ஏர் கேட்டுவர என்னை அனுப்பினாள். பெரியப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு, “ஆகட்டும்னு சொல்லு” என்றார். அது மற்ற ஆகட்டும். அதைப் பிசகாமல் கொண்டுவந்து சொன்னேன்.

அடுத்த நாள் அம்மா மம்முட்டியை எடுத்தாள். கடைமடைக்காரரிடம் என்னைத் தூதனுப்பிச் சம்மதம் வாங்கி, வயலின் ஒரு மூலைக்கு மட்டும் அணை கட்டித் தண்ணீர் விட்டு, கொத்த ஆரம்பித்தாள். களைக்கு வருகிற இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் கொத்தினார்கள், வேப்பந்தழையைப் போட்டுக் காலால் மிதித்தார்கள். நாலு நாளில் வயலில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் பண்படுத்தி, இருபத்தெட்டு நாள் நாற்றை அதில் நட்டார்கள். அதற்குமேல் முடியவில்லை. அம்மாவின் உள்ளங்கை தோல் உரிந்து, சோறு பிசையும்போது உப்பு பட்டு எரிந்ததால் என்னை ஊட்டிவிடச் சொன்னாள். நான் ஊட்டினேன். என் கையில் சோறு வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துவிட்டாள்.

மீதி வயலுக்கு ஏர் வந்தபோது சுவரில் நாற்பது கோடு. நாற்று முட்டி வரைக்கும் வளர்ந்து, நடுத்தண்டு கெட்டிப்பட்டு, பிடுங்கும்போது வேர் அறுந்தது. நட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த வயலை அம்மா பார்த்த மாதிரி யாரும் ஒரு வயலைப் பார்த்து நான் கண்டதில்லை. மூன்று களை எடுத்தாள். வரப்பில் நண்டு வளை ஒவ்வொன்றையும் தேடி அடைத்தாள். அப்பா வாங்கி வைத்த உரத்தை ஒரே தடவையில் வீசாமல் மூன்றாகப் பிரித்துப் போட்டாள். வடக்கே பெரியப்பா வயலுக்கு இரண்டு களைதான். ஆனாலும் அவருடைய வயல் தூர் கட்டி இடைவெளி மூடிவிட்டது. எங்களுடையதில் வரிசைக்கு வரிசை தண்ணீர் தெரிந்தது. கொத்தி நட்ட மூலை மட்டும் கரும்பச்சையாக, அடர்ந்து, காற்றடித்தால் கனமாக அசைந்தது.

கதிர் வந்த சமயத்தில் கிராம சேவக் வந்து வரப்பில் நின்றார், பக்கத்தில் பெரியப்பா. நான் எருமையை மேய்த்துக்கொண்டு கேட்கும் தூரத்தில் இருந்தேன்.

“இந்த மூலை ஆரு நட்டதுங்க? உங்க வயலைக் காட்டியும் நல்லா இருக்குதுங்களே” என்றார் சேவக்.

“எல்லாம் ஒரே ஆளு நட்டதுதானுங்க. அந்த மூலைல மண்ணு கொஞ்சம் வாகா இருக்கும்” என்றார் பெரியப்பா.

சேவக் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். பத்தடி தள்ளி அம்மா குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாற்பது நாள் நாற்று, இருபத்தெட்டு நாள் நாற்று என்று அவளே சொல்லியிருப்பாள். அந்த நோட்டில் மண் வாகு என்றுதான் ஏறியிருக்கும்.

அறுவடைக்கு அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். ஒரே களத்தில் இரண்டு போர், இரண்டு குவியல். பெரியப்பாவுக்கு இருபத்துநாலு மூட்டை. எங்களுக்குப் பத்தொன்பது. ஐந்து மூட்டை வித்தியாசம் என்று அப்பா வாய்க்குள் சொல்லிக்கொண்டது கேட்டது. அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றுமில்லை. அம்மா களத்தின் ஓரத்தில் முறத்தோடு பதர் புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. கருக்காயைப் புடைத்து இன்னும் ஒரு படி தேறுமா என்று பார்த்தாளோ என்னவோ.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, நான் கொறை சொல்றேன்னு நெனைக்காதே. நாத்து முத்தறக்கு முன்னாலயே ஏரு அனுப்பறேன், தண்ணி கட்டி வெய்யின்னு ஊட்டுக்கே வந்து சொல்லியுட்டுத்தான் போனேன். வெடியால போயிப் பாத்தா வயலு காஞ்சு கெடக்குது. மாடு சும்மா திரும்புச்சு. பொம்பளைங்களுக்கு ஊட்டு வேலை, புள்ளைங்க, அதுல இதெல்லாம் ஞாபகம் இருக்கறதில்ல. தப்புன்னு சொல்லலை.”

“எனக்கு இது தெரியாதுங்களேண்ணா” என்றார் அப்பா.

“புள்ளகிட்டத்தான் சொன்னேன். வேணும்னாக் கேளு.”

களத்திலிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அறுப்புக்காரப் பெண்கள், ஏரோட்டி, எல்லோரும். கழுத்தெல்லாம் நெல் சுணை, அரித்தது, சொறியக் கை எழவில்லை. சொன்னார் என்றால் அம்மாவிடம் நான் சொல்லவில்லை என்று ஆகும். சொல்லவில்லை என்றால் பெரியப்பாவைக் களத்தில் வைத்துப் பொய்யராக்க வேண்டும்.

“பெரியப்பா சொன்னாங்களா கண்ணு?” என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது.

முறம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து, குவியலைச் சுற்றிக்கொண்டு வந்து, பெரியப்பாவுக்கு நேரே நின்றாள். நடுவில் கதவில்லை, நானில்லை. கல்யாணமாகி வந்த பதினாலு வருடத்தில் அவரைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

“புள்ள அப்பவே சொல்லிப்போட்டாளுங்க. நான்தான் மறந்துபோட்டேனுங்க.”

பெரியப்பாதான் முதலில் தலை குனிந்தார். சொன்ன விஷயத்தைவிட அவள் நேராகச் சொன்னதுதான் அங்கே எல்லோருக்கும் அதிர்ச்சி. அப்பா, “சரி, உடு, உடு” என்று ஏரோட்டியிடம் மூட்டையைத் தூக்கச் சொன்னார். அம்மா திரும்பிப் போய் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பீளமேட்டுக்கு வந்துவிட்டோம். வயல் பெரியப்பாவிடம் வாரத்துக்குப் போய், பிற்பாடு விலைக்கும் போனது. என்னை ஆறாவதில் சேர்த்தார்கள். படித்தேன், டீச்சரானேன், முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனேன். அம்மா லைன் வீட்டில் குழாயடிச் சண்டைகளுக்கு நடுவில் இருந்தாள். சொந்தத்தில் கல்யாணம் காதுகுத்து என்று ஊருக்குப் போனால் யாராவது அவளைக் கேலி செய்வார்கள். “ஏனுங்க, சாம்பாரை அடுப்புல வெச்சுப்போட்டு மறந்துராதீங்க, வயலுக்குத் தண்ணி கட்ட மறந்தாப்பல” என்பார்கள். கேலியில் கெட்ட எண்ணமில்லை. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நான் பக்கத்தில் பட்டுச்சேலையும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு கல்யாணத்தில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் பெண்ணிடம் வயலை விடாததற்கு வெகுகாலம் அம்மாவைத்தான் உதாரணம் காட்டினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு வயல் இல்லை, எத்தனை வயல் அந்த ஒரு சொல்லால் கைமாறியதோ, யோசித்தால் களைப்பாக இருக்கிறது.

அம்மாவுக்கு எண்பது நெருங்கியபோது என் வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அவளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, இனி எப்போது சொல்வது என்று தோன்றியது. “அம்மா, அன்னைக்குப் பெரியப்பா வந்து ஏருக்குச் சொன்னாங்கல்ல…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுங் கண்ணு” என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. “குளம்புத் தடத்தைப் பாத்தப்பவே தெரியும். ஏன்னுதான் அப்பத் தெரியலை. பீளமேடு வந்து பள்ளிக்கூடத்துக்கு மொதல் நாளு நீ நீலப் பாவாடையைப் போட்டுக்கிட்டு நின்னே பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது.”

நான் காலைப் பிடிப்பதை நிறுத்திவிட்டேன்.

“ஆறாவது படிக்கோணுமுன்னு எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல” என்றாள். “நாலு மைலுதான? நானே கொண்டுபோயி உட்டுட்டு வந்திருப்பேன்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.